எல்லாம் சூனியம் என்றால் துன்பம் எப்படித் தீரும்? பௌத்தத்தின் சூனியக் கோட்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூனியம் என்றால் எதுவுமே இல்லை என்று பொருளா?

இல்லை. இந்த ஒரு தப்பெண்ணம் விலகினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பொருள்களே இல்லை என்று பௌத்தம் சொல்லவில்லை. எதையும் சாராமல், தன் சொந்த பலத்தில் தானாகவே நிற்கிற பொருள் ஒன்றுகூட இல்லை என்றுதான் சொல்கிறது. அப்படித் தானே நிற்கும் தன்மையை வடமொழி நூல்கள் சுபாவம் என்கின்றன. தன்னியல்பு என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தன்னியல்பு எதனிடத்திலும் இல்லை என்பதே சூனியம்.

பிறகு பொருள்கள் எப்படி இருக்கின்றன? சார்ந்து இருக்கின்றன. "இது இருந்தால் அது உண்டாகிறது, இது இல்லாவிட்டால் அது உண்டாவதில்லை" என்று புத்தர் திரும்பத் திரும்பச் சொன்ன வாய்பாடு இதுதான். சார்பில் தோன்றுவதும் சூனியமாக இருப்பதும் ஒரே செய்தியை இரண்டு பக்கத்திலிருந்து சொல்வது.

இது புத்தர் சொன்னதா, பின்னால் வந்தவர்கள் சேர்த்ததா?

விதை புத்தருடையது. "உலகம் சூனியம், உலகம் சூனியம் என்கிறார்களே, எந்த வகையில்?" என்று புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர் கேட்கிறார். "நான் என்பதும் எனது என்பதும் அதில் இல்லாததால் சூனியம்" என்பது புத்தரின் பதில். கச்சானர் என்ற இன்னொரு துறவியிடம், உலகம் பெரும்பாலும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ததாகதர் (புத்தர் தம்மைக் குறிக்கும் சொல்) இரண்டையும் விட்டு நடுவில் நின்று அறம் சொல்கிறார் என்கிறார். பிற்காலத்து நாகார்ஜுனர் தம் நூலில் இந்தக் கச்சானர் உரையாடலையே எடுத்துக்காட்டுகிறார்.

அயோத்திக்கு அருகே கங்கைக் கரையில் நிகழ்ந்த ஓர் உரை எனக்கு மிகவும் நெருக்கமானது. மனிதன் என்று நாம் சொல்வது ஐந்து கந்தங்களின் தொகுதி: உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. ஒவ்வொன்றுக்கும் புத்தர் ஓர் உவமை சொல்கிறார். மனத்தின் ஆக்கங்களான பாவனைக்கு அவர் எடுத்துக்கொண்டது வாழைமரம். வைரம் பாய்ந்த மரம் தேடி ஒருவன் கூரிய கோடரியோடு காட்டுக்குள் போகிறான். நெடிதாக, நேராக, புதிதாக வளர்ந்த ஒரு வாழையைப் பார்க்கிறான். அடியோடு வெட்டுகிறான், தலையைச் சீவுகிறான், மட்டை மட்டையாக உரிக்கிறான். வைரம் இருக்கட்டும், வெளிறுகூட (மென்மரம்கூட) அவனுக்குக் கிடைக்கவில்லை.

வாழை வளர்த்தவர்கள் உடனே மறுப்பார்கள்: "உள்ளே தண்டு இருக்குமே!" சூத்திரம் அதற்கும் இடம் வைக்கவில்லை, அது இன்னும் குலை தள்ளாத வாழை என்று தெளிவாகச் சொல்கிறது. குலை தள்ளுவதற்கு முன்னால் உரித்தால் மட்டைக்குள் மட்டைதான், அதற்குள் இன்னொரு மட்டைதான். ஆனாலும் அந்த மட்டைகள் ஒன்றையொன்று தாங்கி ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கின்றன, இலை விரிக்கின்றன, நாளைக்குக் குலையும் சுமக்கும். வைரம் இல்லை என்பதால் வாழை பொய்யாகிவிடவில்லை. கோடரியோடு போனவன் ஏமாந்தான் என்றால், அங்கே இல்லாத ஒன்றை அவன் எதிர்பார்த்துப் போனான்.

நாகார்ஜுனர் யார்?

கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர். தென்னிந்தியர், சாதவாகன அரசர் ஒருவரின் நண்பர் என்பது மரபு. அந்த அரசருக்கு அவர் எழுதியதாகக் கருதப்படும் அறிவுரை மடல் இன்றும் வாசிக்கப்படுகிறது. அவருடைய தலையாய நூல் மூலமாத்தியமிக காரிகை. 27 அதிகாரங்கள், ஏறத்தாழ 450 பாக்கள். இயக்கம், காலம், நெருப்பும் விறகும், ஆன்மா, வினை, நிர்வாணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, "இதற்குத் தன்னியல்பு உண்டென்று கொண்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே போகிறார். அவர் வழி வந்தோர் மாத்தியமிகர். கிருஷ்ணா நதிக்கரையின் நாகார்ஜுனகொண்டா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எல்லாமே சூனியம் என்றால் துன்பமும் சூனியம், அதைத் தீர்க்கும் வழியும் சூனியம். அப்படியானால் புத்தர் சொன்ன நான்கு வாய்மைகள் எதற்கு?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். காரிகையின் 24ஆம் அதிகாரம் இதே கேள்வியோடுதான் தொடங்குகிறது. எதிர்வாதி சொல்கிறார்: எல்லாம் சூனியமானால் தோற்றமும் இல்லை, மறைவும் இல்லை. ஆகவே துன்பம், துன்பத்தின் தோற்றம், துன்பத்தின் நீக்கம், நீக்கும் வழி என்ற நான்கும் இல்லை. புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் நீரே அழித்துவிட்டீர்.

நாகார்ஜுனர் பின்வாங்கவில்லை, அந்தக் குற்றச்சாட்டை அப்படியே எதிர்வாதியின் பக்கம் திருப்பிவிடுகிறார். துன்பத்துக்கு என்று தன்னியல்பு இருந்தால் அது எதையும் சார்ந்து தோன்றியிருக்காது. எதையும் சார்ந்து தோன்றாதது எதை நீக்கினாலும் போகாது. அப்படிப்பட்ட துன்பத்துக்கு முடிவே கிடையாது. வழிக்கும் தன்னியல்பு இருந்தால் அதைப் பயிலவும் முடியாது; இருந்தால் எப்போதும் இருக்கும், இல்லாவிட்டால் எப்போதும் இருக்காது. மாறாக, துன்பம் சூனியமாக இருப்பதால்தான் அது காரணங்களால் உண்டாகிறது, காரணம் விலகினால் ஓய்கிறது. சூனியத்துக்கு இடம் கொடுப்பவருக்கு எல்லாமே பொருந்தும். சூனியத்துக்கு இடம் கொடுக்காதவருக்கு எதுவுமே பொருந்தாது என்கிறார்.

மனம் நொந்திருக்கும் யாருக்கும் நான் முதலில் காட்ட விரும்புவது இந்த இடத்தைத்தான். "என் கஷ்டம் என்னோடு பிறந்தது, என்னோடுதான் போகும்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லிக்கொள்கிறோம்! அந்த வாக்கியத்துக்குள் துன்பத்துக்கு ஒரு தன்னியல்பு ஒளிந்திருக்கிறது. சூனியக் கோட்பாடு கை வைப்பது அங்கே.

நடைமுறையில் இது என் மனக்கஷ்டத்தை எப்படிக் குறைக்கும்?

தமிழில் இதற்கு நல்ல வரைபடம் இருக்கிறது. மணிமேகலையின் கடைசிக் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரு நிதானங்களை, அதாவது துன்பத்துக்குக் கொண்டுசெல்லும் காரணக் கண்ணிகளை, எடுத்துரைக்கிறார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று. மணிமேகலையை இயற்றிய சாத்தனார் காட்டும் பௌத்தம் நாகார்ஜுனருடைய மாத்தியமிகம் அன்று; ஆனால் இந்தச் சங்கிலி இருவருக்கும் பொது.

நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் உள்ள கண்ணியைப் பாருங்கள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறீர்கள். வாசலில் நின்றவர் எல்லோரையும் "வாங்க" என்றார், உங்களைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்தும் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதே நினைப்பு. ஒரு வாரம் கழித்து அது "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்று உறைந்துவிடுகிறது.

இப்போது அந்த அவமானம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அவர் வாயிலா? அவர் எதுவுமே சொல்லவில்லை. உங்கள் காதிலா? அங்கே எதுவும் விழவில்லை. நம்மை முதலில் வரவேற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு, முன்பு நடந்த ஏதோ ஒரு மனத்தாங்கல், பக்கத்தில் நின்றவர் பார்த்துவிட்டாரே என்ற கூச்சம், அன்றைய களைப்பு, இவை கூடிய இடத்தில் அது தோன்றியது. ஒன்றை உருவிவிட்டால் அதே வடிவில் நிற்காது. இதைக் கண்டதும் மனம் உடனே ஆறிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவமானம் கல்லாகத் தெரிவது நின்று, நடந்துகொண்டிருக்கும் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். நடந்துகொண்டிருப்பதை நிறுத்த முடியும்.

இதையே அந்த 'நான்' மீதும் வைத்துப் பார்க்கச் சொல்கிறது பௌத்தம். அவமானப்பட்டவர் என்று ஒருவரைத் தேடிப் போனால் அங்கும் மட்டைக்குள் மட்டைதான்.

உடல் வலியும் போய்விடுமா?

போகாது. அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். நகுலபிதா என்ற இல்லறத்தார் புத்தரிடம் வருகிறார். "எனக்கு வயதாகிவிட்டது, உடம்பு எப்போதும் நோயில் கிடக்கிறது, உங்களைக் காண வருவதுகூட அரிதாகிவிட்டது, எனக்கு ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்கிறார். புத்தர் நோயைத் தீர்ப்பதாக வாக்களிக்கவில்லை. "ஆம், உங்கள் உடம்பு நோயுற்றதுதான். 'உடல் நோயுற்றாலும் என் மனம் நோயுறாது' என்று பயிலுங்கள்" என்கிறார்.

அங்கிருந்து நகுலபிதா நேரே புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தரிடம் போகிறார். அவருடைய முகத் தெளிவைக் கண்டு சாரிபுத்தர் விசாரிக்கிறார். உடல் நோயுற்றும் மனம் நோயுறாமல் இருப்பது எப்படி என்று சாரிபுத்தர்தான் விரித்துச் சொல்கிறார். 'இந்த உடம்பு நான், இந்த உடம்பு எனது' என்ற பிடியில் வாழ்பவனுக்கு, உடம்பு மாறும்போது துயரமும் புலம்பலும் சேர்ந்தே வருகின்றன. பிடி இல்லாதவனுக்கும் உடம்பு மாறத்தான் செய்யும், ஆனால் அந்தக் கூடுதல் துயரம் வராது. மூட்டுவலிக்கு மருந்து மருந்துதான். "எனக்கு ஏன் இப்படி? நான் இப்படி இருந்தவனா?" என்று இரவெல்லாம் ஓடும் பேச்சுக்குத்தான் இந்தப் பயிற்சி.

நெருங்கியவர் இறந்துபோனால் அழக்கூடாதா?

யாரும் அப்படிச் சொல்லவில்லை. சாரிபுத்தர் மறைந்தபோது, சுந்தர் என்ற இளம் துறவி அவருடைய பாத்திரத்தையும் சீவர ஆடையையும் எடுத்துக்கொண்டு, புத்தர் தங்கியிருந்த சாவத்தி நகருக்கு வருகிறார். ஆனந்தர் அவற்றோடு புத்தரிடம் போகிறார். "சாரிபுத்தர் மறைந்தார் என்று கேட்டதும் என் உடம்பு மரத்துப்போனது போலாகிவிட்டது, திசை தெரியவில்லை, அறம்கூட மனத்தில் தெளியவில்லை" என்கிறார். எத்தனையோ ஆண்டுகள் புத்தரின் பக்கத்திலேயே இருந்து, உலகம் சூனியம் என்பதை அவர் வாயாலேயே கேட்டவர் இப்படிப் பேசுகிறார். அதைப் பதிவு செய்த மரபின் நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

புத்தர் கடிந்துகொள்ளவில்லை, ஒரு கேள்வி கேட்கிறார்: "சாரிபுத்தர் போகும்போது உன் ஒழுக்கத்தை எடுத்துக்கொண்டு போனாரா? உன் தியானத்தை, உன் ஞானத்தை?" இல்லை என்கிறார் ஆனந்தர், ஆனால் அவர் எங்களுக்கு வழிகாட்டியாக, சலிக்காமல் சொல்லித் தருபவராக இருந்தாரே என்கிறார். பின்னர் இன்னொரு தலைமைச் சீடரான மொக்கல்லானரும் மறைந்த பிறகு, கங்கைக் கரையில் உக்கசேலம் என்ற இடத்தில் புத்தர் வெட்டவெளியில் துறவிகளோடு அமர்ந்திருக்கிறார். சபை அமைதியாக இருக்கிறது. அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவர்கள் இருவரும் இல்லாத இந்தச் சபை எனக்கு வெறிச்சோடித் தெரிகிறது என்கிறார். இழப்பை அவர் பார்த்தார், வாய்விட்டுச் சொன்னார், புலம்பலுக்குள் மட்டும் போகவில்லை.

கோபத்துக்கு இது மருந்தாகுமா?

ஆகும். 8ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் வாழ்ந்த பௌத்தத் துறவி சாந்திதேவர், போதிசரியாவதாரம் என்ற தம் நூலின் 6ஆம் அதிகாரம் முழுவதையும் பொறுமைக்கே ஒதுக்கியிருக்கிறார். அவர் வாதம் எளியது: பித்தம் போன்றவை நமக்குப் பெருந்துன்பம் தருகின்றன, அவற்றின்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. உயிருள்ளவர்மேல் மட்டும் ஏன் வருகிறது? அவர்களும் காரணங்களால் தூண்டப்பட்டே நடக்கிறார்கள். 'இனிக் கோபப்படுவேன்' என்று திட்டமிட்டு எவரும் கோபப்படுவதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் போதனை அன்று. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "எல்லாம் சூனியம்" என்று சொல்வது கொடுமை. அவளுக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும், பக்கத்துணை வேண்டும், சட்டத்தின் உதவி வேண்டும். நாகார்ஜுனரே இரண்டு வகை உண்மை சொன்னார்: உலக வழக்கில் உள்ளது, பரமார்த்தமானது (இறுதி உண்மை). வழக்கு உண்மையைச் சாராமல் பரமார்த்தத்தைப் போதிக்கவே முடியாது என்பது அவர் வாக்கு. அடி, கடன், பசி, சம்பளம் எல்லாம் வழக்கு உண்மை. அங்கே அவற்றுக்கு முழு எடை உண்டு.

மற்றவர் துன்பமும் சூனியம்தானே, நான் ஏன் உதவ வேண்டும்?

சாந்திதேவர் இதை 8ஆம் அதிகாரத்தில் நேராகச் சந்திக்கிறார். துன்பத்துக்கு உடைமைக்காரர் என்று தனியே ஒருவர் இல்லை. அப்படியானால் 'என் துன்பம்', 'அவன் துன்பம்' என்று வேலி போட எதுவும் இல்லை. துன்பம் என்பதனாலேயே அது நீக்கப்பட வேண்டும். ஒருவருடையதையும் நீக்க வேண்டாம் என்றால் என்னுடையதையும் நீக்க வேண்டாம். என்னுடையதை நீக்க வேண்டுமென்றால் எல்லோருடையதையும் நீக்க வேண்டும். தர்க்கத்தின் வழியே கருணைக்கு வந்து சேர்கிறார். சூனியத்தையும் கருணையையும் மகாயானப் பௌத்தப் பிரிவு பிரிக்காமல் வைத்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இதயச் சூத்திரம் சொல்வதும் இதுவா?

இதுவேதான், மிகச் சுருக்கமாக. "உருவமே சூனியம், சூனியமே உருவம்" என்று கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர் சாரிபுத்தரிடம் சொல்லும் வரி உலகெங்கும் ஓதப்படுகிறது. ஐந்து கந்தங்களும் சூனியம் என்று கண்டு அவர் எல்லாத் துன்பங்களையும் கடந்தார் என்று சீனத் துறவி யுவான் சுவாங்கின் பெயரில் வழங்கும் சீன வடிவம் தொடங்குகிறது. இந்த யுவான் சுவாங்தான் 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக்கு வந்து, அங்கே நூறு மடங்களும் 10,000 துறவிகளும் இருந்ததாக எழுதிவைத்தவர்.

இதைத் தியானமாகப் பழகுவது எப்படி?

சூளசுஞ்ஞத சூத்திரம் படிப்படியாகச் சொல்லித் தருகிறது. சாவத்தியின் கிழக்குப் பூங்காவில், விசாகை என்ற இல்லறப் பெண் கட்டிக்கொடுத்த மாளிகையில் புத்தர் தங்கியிருக்கிறார். ஆனந்தரிடம் சொல்கிறார்: இந்த மாளிகையில் யானை இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, பொன்னும் வெள்ளியும் இல்லை, ஆண் பெண் கூட்டமும் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது: துறவியர் சங்கம். இல்லாததை இல்லை என்று காண், மிச்சம் இருப்பதை இருக்கிறது என்று அறி.

பிறகு ஊர் நினைப்பை விட்டுக் காட்டின் நினைப்பில் மனத்தை நிறுத்தச் சொல்கிறார். ஊர் நினைப்பால் வரும் தொல்லைகள் இப்போது இல்லை. காடு என்ற நினைப்பால் வரும் சிறு தொல்லை மட்டும் உண்டு. அதையும் விட்டு நிலம், அதையும் விட்டு இன்னும் நுண்ணியது என்று படிகள் போகின்றன. கடைசிப் படியிலும், உயிர் உள்ளவரை இந்த உடம்பையும் ஆறு புலன்களையும் சார்ந்த தொல்லை மிச்சம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார்.

நமக்கு முதல் படியே போதுமானது. இரவு படுக்கும்போது அறையைப் பாருங்கள். மேலதிகாரி இங்கே இல்லை. கடன்காரர் இல்லை. நாளைய கூட்டம் இல்லை. இருப்பது மின்விசிறியின் சத்தம், பாயில் கிடக்கும் உடம்பு, வந்து போகும் மூச்சு. இல்லாததை இல்லை என்று பாருங்கள், இருப்பதையும் மறுக்காதீர்கள். முதுகு வலித்தால் வலி இருக்கிறது.

எனக்கு உள்ளே எப்போதும் வெறுமையாக இருக்கிறது. நான் சூனியத்தை உணர்ந்துவிட்டேனா?

இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பசியும் தூக்கமும் கெட்டு, பிடித்தவர்களிடம்கூடப் பேசத் தோன்றாமல், வாழ்வதே வீண் என்று பட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள். தியானத்தைக் கூட்டி அதைச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். மனச்சோர்வில் 'எதற்கும் மதிப்பில்லை' என்பதே அசைக்க முடியாத உண்மையாகத் தெரியும். சூனியம் அந்த எண்ணத்தையும் காரணங்களால் வந்த ஒன்றாகப் பார்க்கிறது.

தவறாகப் பிடிக்கப்பட்ட பாம்பு பிடித்தவனையே கடிப்பது போல, தவறாகப் புரிந்துகொண்ட சூனியம் மனிதனை அழிக்கும் என்று நாகார்ஜுனர் எச்சரிக்கிறார். சூனியத்தையே ஒரு கொள்கையாகக் கட்டிப்பிடித்துக்கொள்பவர்களைத் தேற்றவே முடியாது என்றும் இன்னோர் இடத்தில் எழுதினார்.

அத்வைதமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அத்வைதத்தில் எல்லாத் தோற்றத்துக்கும் அடியில் பிரம்மம் என்ற மாறாத மெய்ப்பொருள் உண்டு. மாத்தியமிகம் அப்படி ஓர் அடித்தளத்தையும் வைக்கவில்லை, சூனியமும் சூனியமே. சங்கரர் பிரம்மசூத்திர உரையில் சூனியவாதத்தை ஒதுக்கித் தள்ளினார். தமிழில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் (பிற சமயங்களை மறுக்கும் பகுதியில்) மாத்தியமிகர் உள்ளிட்ட நான்கு பௌத்தப் பிரிவினரையும் மறுத்தார். மறுப்பையும் படியுங்கள், எதிர்வாதத்தைத் தாங்கிய பிறகு கிடைக்கும் புரிதல் உறுதியாக இருக்கும்.

எங்கே தொடங்கலாம்? பௌத்தராக மாற வேண்டுமா?

மாற வேண்டியதில்லை. நகுலபிதாவுக்குச் சொன்ன உரையை முதலில் படியுங்கள். சிறியது, ஒரே அமர்வில் முடியும். அடுத்து சூளசுஞ்ஞத சூத்திரம், பிறகு கச்சானர் உரையாடல். தமிழிலேயே தொடங்க நினைத்தால் மணிமேகலையின் 30ஆம் காதையை உரையோடு வைத்துக்கொள்ளுங்கள். நாகார்ஜுனரிடம் போகும்போது முதல் அதிகாரத்தில் நுழைய வேண்டாம். காரணம், காரியம் பற்றிய அந்த நெருக்கமான தர்க்கத்தில் பலர் திணறி நூலை மூடிவிடுகிறார்கள். ஆன்மாவை ஆராயும் 18ஆம் அதிகாரம் 12 பாக்கள்தான், அதில் தொடங்குங்கள். அதன் பிறகு 24ஆம் அதிகாரத்தின் 40 பாக்களையும் எதிர்வாதியின் கேள்வியிலிருந்தே, ஒன்றையும் தாண்டாமல் படியுங்கள்.